காற்றுக்குக் கொடுத்த தண்ணீர்

காற்றும் நாயும் மனிதரோடு வாய்விட்டுப் பேசிய அந்தக் காலத்தில், மனிதர்களுக்கும் கரடிபோல் உடம்பெல்லாம் ரோமம் இருந்தது. வேர்வை என்பதே கிடையாது. உச்சிவெயிலில் ஐம்பது அடி ஓடினால் உடம்பு கொதித்துத் தலைசுற்றி விழுவார்கள். அதனால் வெயில் தாழும்வரை யாரும் நிழலைவிட்டு நகரமாட்டார்கள்.

ஒருநாள் சடைச்சி என்பவள் மரத்தடியில் கண்ணயர்ந்த நேரத்தில், அவளுடைய இரண்டு வயது மகள் பூவாத்தாள் ஓர் ஆட்டுக்குட்டியின் பின்னாலேயே பொட்டல்காட்டுக்குள் போய்விட்டாள். சடைச்சி விழித்துப் பார்த்தபோது குழந்தை வெகுதூரத்தில் வெயிலிலேயே உட்கார்ந்திருந்தாள். வெயில் தாழக் காத்திருந்தால் பிள்ளை பிழைக்காது. பெற்ற மனம் கேட்குமா? தன் நாயைக் கூட்டிக்கொண்டு ஓடினாள்.

கொஞ்ச தூரத்திலேயே இருவரும் சுருண்டு விழுந்தார்கள். பக்கத்தில் ஒரு கள்ளிப்புதரடியில் காற்று அசையாமல் கிடந்தது.

"தாகம் தாயி. எந்திரிச்சு வீச முடியல. ஒரு வாய் தண்ணி இருக்கா?" என்றது காற்று.

"எங்கிட்ட ஏது தண்ணி? ஒடம்புக்குள்ள ஓடுறதுதான் இருக்கு" என்றாள் சடைச்சி.

"அதைக் கசிய விடு, குடிச்சுக்கிறேன். குடிக்கிறப்ப உன் சூட்டையும் எடுத்துக்கிட்டுப் போயிடுறேன். ஆனா இந்த ரோமம் வழிய மறிக்குதே."

"அதையும் எடுத்துக்க அய்யா. தலைமுடிய மட்டும் விட்டுடு, வெயில் நேரா அங்கதான் அடிக்குது."

நாய்க்குத் தன் ரோமத்தின்மேல் அப்படியொரு பெருமை. "நாக்குல இருக்குற ஈரத்த வேணா குடிச்சுக்க. ரோமத்துல கை வைக்காத" என்று நாக்கை மட்டும் நீட்டியது. இன்றும் அப்படித்தான் நீட்டிக்கொண்டு திரிகிறது.

காற்று எழுந்து சடைச்சியின் ரோமத்தை உதிர்த்தது. அவசரத்தில் அக்குளை மறந்துவிட்டது. அவள் தோல் முழுக்கத் தண்ணீர் துளிர்த்தது. காற்று தண்ணீரைக் குடித்துவிட்டு உப்பை அப்படியே விட்டுவிட்டது. சடைச்சி ஓடினாள். ஓட ஓட வேர்த்தது, வேர்க்க வேர்க்க உடம்பு குளிர்ந்தது. நாய் பாதி வழியில் படுத்துக்கொண்டது.

பூவாத்தாள் துவண்டு கிடந்தாள். தொட்டால் சுட்டது. சடைச்சி மகளை மடியில் போட்டுக்கொண்டு, "இவளுக்கும் எடுத்துடு" என்றாள். காற்று மெதுவாகத் தடவிக்கொடுத்தது. குழந்தையின் நெற்றியில் முத்துமுத்தாக வேர்த்தது. கண்ணைத் திறந்தவள், ரோமமில்லாத அம்மாவை அடையாளம் தெரியாமல் வீறிட்டு அழுதாள். அந்த அழுகையைக் கேட்டுச் சடைச்சிக்கு வந்த சந்தோஷத்துக்கு அளவே இல்லை. "நான்தாண்டி" என்றதும் பிள்ளை கழுத்தைக் கட்டிக்கொண்டது.

அவர்கள் வழியில் வந்ததால்தான் நமக்கும் வேர்க்கிறது. அன்று முதல்தான், காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்து, "வேர்த்திருச்சு, இனிப் பயமில்ல" என்று தாய்மார்கள் நிம்மதியாக மூச்சுவிடுகிறார்கள்.