பதினேழு மார்க் டயர்

பொள்ளாச்சி டயர்க்கடை நாச்சிமுத்துவிடம் யாரும் எதிர்க்கேள்வி கேட்டுவிட முடியாது. அவர் கடைக்கு ஒருநாள் இரண்டு டயர் வாங்கப் பூவாத்தாள் வந்தாள். சுற்றுலாக்காரர்கள் தங்குவதற்காக ஜீப்புக்குப் பின்னால் இழுத்துப் போகிற வண்டியில் அவள் சமையல்காரி. மறுநாள் வால்பாறை மலை ஏற வேண்டும். வளைவில் டயர் வெடித்தால் வண்டி ஜீப்பையும் சேர்த்துப் பள்ளத்தில் இழுத்துவிடும்.

நாச்சிமுத்து பாலிஷ் போட்ட இரண்டு டயர்களை உருட்டிவிட்டார்.

"புத்தம் புதுசு அம்மிணி! கரண்டி பிடிக்கிற கைக்கு டயரைப் பத்தி என்ன தெரியும்? ஒரு குறை சொல்லு பாக்கலாம், நீ கைகாட்டுற டயரைச் சும்மாவே தர்றேன்!"

கடையில் காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். பூவாத்தாள் குனிந்து டயரின் பக்கவாட்டைத் தடவினாள்.

"ஏனுங்க, இங்க 1117-ன்னு போட்டிருக்குதே, என்னதுங்க?"

"அதுவா... கடைசி ரெண்டும் தர மார்க்கு."

"பதினேழு மார்க்குங்களா? எங்கூருப் பள்ளிக்கூடத்துல முப்பத்தஞ்சு எடுத்தாத்தானுங்க பாஸு! பெயிலான டயரை நம்பியா மலை ஏறச் சொல்றீங்க?"

காத்திருந்தவர்கள் சிரிப்பை நிறுத்திவிட்டு கிளம்புவதற்காக வண்டிச் சாவியை எடுத்தார்கள். நாச்சிமுத்து ஓடிவந்து அவர்களை மறித்தார்.

"அட, மார்க்குமில்லே மண்ணாங்கட்டியுமில்லே! அது டயர் செஞ்ச வருசம், ரெண்டாயிரத்துப் பதினேழு!" என்று கத்திவிட்டு, அப்புறம்தான் வாயைப் பொத்தினார்.

"அதை உங்க வாயாலயே கேக்கோணும்னுதானுங்க நின்னேன்" என்ற பூவாத்தாள், இந்த வருசத்து டயர் இரண்டைக் கைகாட்டினாள்.