நாற்பத்தொன்றாம் பக்கம்

"முதல்ல, எங்களுக்கு வரவேண்டிய கட்டுரைகளை நுரையீரல் இதழ்க்காரங்க இழுத்துக்கிட்டாங்க. அடுத்து, எங்க மதிப்பீட்டாளர்களை இழுத்தாங்க. அப்புறம், எங்க கட்டுரைகளை எத்தனை பேர் மேற்கோள் காட்டுறாங்கன்னு கணக்கிடுற தாக்க எண் விழுந்ததும் கைதட்டினாங்க. இப்போ, எங்க இதழையே மூடணும்னு மருத்துவர் சங்கத்துல தீர்மானம் கொண்டு வர்றாங்க."

தோல்நோய் ஆய்விதழின் ஆசிரியர் அருணகிரி மூச்சுவிட நிறுத்தினார்.

கேட்டுக்கொண்டிருந்தவர் பேராசிரியை மெஹருன்னிசா. எந்தச் சங்கத்திலும் அவருக்கு நாற்காலி இல்லை. அதனால்தான் வழக்கு என்றால் மருத்துவர்கள் அவரிடம் போவார்கள்.

"விழுந்தது சரி. ஏறினது எப்படி?"

"கொரோனா நோயாளிகளோட கால்விரல் தடிப்பு பத்தி ஒரு கட்டுரை போட்டோம், மேடம். உலகமே மேற்கோள் காட்டுச்சு. எண் மூணு மடங்காச்சு."

"இப்போ ஏன் காட்டலை?"

"சதி."

"கொரோனா போயிட்டதால இல்லையே?"

அருணகிரி தண்ணீர்க் குவளையை எடுத்தார்.

"மேற்கோள் காட்டினவங்களைக் கூட்டத்துக்கு வரச் சொல்லுங்க. நானும் வர்றேன்."

தீர்மானத்தன்று மேற்கோள் காட்டியவர்களில் மூன்று பேர் வந்தார்கள். அருணகிரியின் பக்கம் நின்றார்கள்.

"கட்டுரையைப் படிச்சீங்களா?" என்று மெஹருன்னிசா கேட்டார்.

"படிக்காம யாராவது மேற்கோள் காட்டுவாங்களா?" ஒருவருக்குக் கோபமே வந்துவிட்டது.

"எந்தப் பக்கம்னு எழுதியிருக்கீங்க?"

மூவரும் கைபேசியில் தங்கள் கட்டுரைகளைத் தேடினார்கள்.

"நாற்பத்தொண்ணு."

"நாற்பத்தொண்ணு."

"எனக்கும் அதுதான்."

"பார்த்தீங்களா, ஒரே குரல்," என்றார் அருணகிரி.

மெஹருன்னிசா பையிலிருந்து அந்த இதழை எடுத்து அவரிடம் நீட்டினார். அவர் புரட்டினார். கட்டுரை பதினான்காம் பக்கத்தில் இருந்தது.

"முதல்ல நாற்பத்தொண்ணுன்னு எழுதினது யாரு?"

"இவர்தான். அடுத்த மாசத் தலையங்கத்துல, தன் இதழையே தானே மேற்கோள் காட்டி," என்றார் நுரையீரல் இதழின் ஆசிரியர். "சரி, நாற்பத்தொண்ணுல என்னதான் இருக்கு? ஊறுகாய் விளம்பரமா?"

அரங்கம் சிரித்தது. மூவர் மட்டும் சிரிக்கவில்லை.

அருணகிரி அந்தப் பக்கத்தைத் திறந்தார். திறந்த கை அப்படியே நின்றது.

கறுப்புக் கட்டத்துக்குள் ஓர் இளம்பெண்ணின் படம், கீழே இரங்கல் குறிப்பு. கொரோனா வார்டுக்குள் போய் நோயாளிகளின் கால்விரல்களைப் படமெடுத்தவள் அவள். கட்டுரையில் ஒன்பது பேரின் பெயர்கள் இருந்தன. அவர்களில் ஒருவரும் வார்டுக்குள் போனதில்லை.

"மேடம், தீர்மானத்தை அவங்க இஷ்டப்படி நிறைவேத்திக்கட்டும்," என்றார் மெதுவாக. "இது வேண்டாம்."

"உலகமே காட்டின பக்கம். வாசிங்க."

"எல்லார் முன்னாலயுமா?"

"எல்லாரும் படிச்சவங்கதானே."

சிரிப்பு நின்றிருந்தது. அருணகிரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார்.

"பயிற்சி மருத்துவர் எஸ்தர் புனிதா," என்று வாசித்தார்.