சனிக்கிழமை எண்

அருளப்பன் பட்டறையில் நூற்பாலைகளுக்கு எலக்ட்ரானிக் போர்டு செய்தார்கள். நூல் அறுந்தால் அந்தப் போர்டு மோட்டாரை நிறுத்த வேண்டும். அருளப்பனை எல்லோரும் வாத்தியார் என்பார்கள்.

அவரிடம் இரண்டு பேர் வேலை கற்றார்கள். பெரியநாயகம் வாத்தியாரைவிடப் பத்து வயது மூத்தவர். எட்டாம் வகுப்பு. பதினொரு வருஷமாகப் போர்டில் சிப்புகளைச் சால்டரிங் வைத்து, பக்கத்தில் நின்று பார்த்தே புரோகிராம் எழுதவும் கற்றுக்கொண்டவர். நஸ்ரீன் வந்து இரண்டு வருஷம்.

அவள் வந்த முதல் வாரமே வாத்தியார் ஜன்னல் ஓர மேஜையை அவளுக்குக் கொடுத்தார். பெரியநாயகம் அதை மறக்கவில்லை. டீ வந்தால் முதல் டம்ளர் அவள் பக்கம் போகும். அதையும் மறக்கவில்லை.

உடுமலையில் புது மில் ஒன்று நூறு போர்டு கேட்டிருந்தது. அங்கேயே தங்கிப் பொறுப்பாகப் பார்த்துக்கொள்ள ஒருவர் வேண்டும்.

"ஆளுக்கொரு டிரைவர் எழுதுங்க," என்றார் வாத்தியார். போர்டுக்குள் இருக்கும் கம்ப்யூட்டர் மோட்டாரோடு பேசுவதற்கான புரோகிராமுக்குத்தான் டிரைவர் என்று பெயர். "திங்கக்கிழமை ஓட்டிப் பாப்போம். யாருது ஓடுதோ அவங்க உடுமலை போங்க."

பெரியநாயகம் பதினொரு வருஷம் காத்திருந்தது இப்படி ஒரு வார்த்தைக்குத்தான்.

மோட்டாரை நிறுத்தும் சிப் போர்டில் எங்கே இருக்கிறது என்று சொல்லும் முகவரி எண் அவருக்கு மனப்பாடம். அவர் கையால் வைத்த சிப். முகவரியைப் போர்டின் ஓரத்தில் சிவப்பு மையால் எழுதியும் வைத்திருந்தார். அந்த எண்ணை அப்படியே புரோகிராமில் போட்டார். ஓட்டியதும் போர்டு வேலை செய்யாமல் உறைந்தது. மூன்று தரம் ஓட்டினார். மூன்று தரமும் அதே கதை.

"ஏனுங்க வாத்தியாரே, நெசமான முகவரி இதுதானுங்களே. நானே வெச்ச சிப்பு. எனக்கு ஏன் கேக்க மாட்டேங்குது?"

"முகவரி சரிதான். ஆனா உள்ளே ஓடுற புரோகிராமுக்கு அது தெரியாது. புரோகிராம் உள்ளே அந்தச் சிப்புக்கு வேற ஒரு எண் உண்டு. அந்த எண்ணைத் தொட்டா சிப்பைத் தொட்ட மாதிரி."

"அந்த எண் எங்கே கிடைக்குமுங்க?"

வாத்தியார் வாயெடுப்பதற்குள் நஸ்ரீன் கூப்பிட்டாள். "சார், ஒரு நிமிஷம்."

அவர் எழுந்து போனார்.

பெரியநாயகம் மறுபடி கேட்கவில்லை. எழுந்து போனதை மறக்கவும் இல்லை.

சனிக்கிழமை மதியம் நஸ்ரீன் சாப்பிடப் போயிருந்தாள். அவள் டிரைவர் போர்டில் ஓடிக்கொண்டிருந்தது. அவள் திரையில், சிப்பின் பெயருக்கு நேரே, அந்த உள் எண் பதினாறு இலக்கத்தில் நின்றது. பெரியநாயகம் தினசரிக் காலண்டரில் அன்றைய தாளைக் கிழித்தார். பின்பக்கத்தில் எண்ணை எழுதிச் சட்டைப் பையில் வைத்தார். அதையே தன் புரோகிராமில் போட்டு, அதே போர்டில் ஓட்டினார். நூலை அறுத்தார்.

மோட்டார் நின்றது.

நஸ்ரீன் கை துடைத்துக்கொண்டே வந்தாள். "ஓடிருச்சே! எப்படிங்கண்ணா?"

"உனக்கு மட்டுந்தான் ஓடுமா, தாயி?"

அவள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை. சாயங்காலம் அவள் தன் டிரைவரை நிறுத்தி, போர்டை அணைத்துவிட்டுப் போனாள்.

திங்கட்கிழமை காலை வாத்தியாரே போர்டுக்குச் சுவிட்சைப் போட்டார். "மூத்தவர் முதல்ல."

பெரியநாயகம் ஓட்டினார். வாத்தியார் நூலை அறுத்தார். போர்டு உறைந்து கிடந்தது. நூல் போனது தெரியாமல் மோட்டார் சுற்றிக்கொண்டே இருந்தது.

போர்டை அணைத்து மறுபடி போட்டு நஸ்ரீன் ஓட்டினாள். நூல் அறுந்தது. மோட்டார் நின்றது.

"சனிக்கிழமை எனக்கும் ஓடுச்சுங்க. அவளே பாத்தா."

"ஆமா சார். நல்லா ஓடுச்சு," என்றாள் நஸ்ரீன்.

வாத்தியார் பெரியநாயகத்தின் புரோகிராமைப் படித்தார்.

"இது உள்ளே இருக்கிற எண்ணாச்சே. நஸ்ரீன் திரையில பாத்து எழுதினதா?"

நஸ்ரீன் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அவளோடதுதானுங்க," என்றார் பெரியநாயகம். "அவளுக்குச் சொன்னீங்க. எனக்குச் சொல்ல வந்துட்டு எந்திரிச்சுப் போனீங்க."

வாத்தியார் போர்டை அணைத்தார். மறுபடி போட்டார்.

"நஸ்ரீன், ஓட்டு. நாயகம், வர்ற எண்ணை எழுதுங்க."

எழுதினார். வாத்தியார் அணைத்து மறுபடி போட்டார்; பெரியநாயகம் எழுதினார். இன்னொரு தரம். மூன்றும் வேறு வேறு எண்கள். சட்டைப் பையில் இருந்தது மூன்றிலும் சேரவில்லை.

"இதுல அவ எண் எது?"

பெரியநாயகம் தாளை மேலும் கீழும் பார்த்தார். "ஒண்ணும் இல்லீங்க."

"அவ புரோகிராம்ல முதல் வரியைப் படிங்க."

குனிந்து படித்தார். அதில் இருந்தது அவருடைய சிவப்பு மை எண். பக்கத்தில் நஸ்ரீன் குறிப்பு எழுதியிருந்தாள்: 'நாயகம் அண்ணா போர்டில் எழுதிய முகவரி.'

அவர் குறிப்பை இன்னொரு தரம் படித்தார்.

"அந்த வரி என்ன பண்ணுது?"

"கேக்குதுங்க. இந்த முகவரிக்கு இன்னைக்கு உள்ளே என்ன எண்ணுன்னு."

"கடைசி வரி?"

"வேலை முடிஞ்சதும் வாங்கின எண்ணைத் திருப்பிக் கொடுக்குதுங்க."

"உடுமலைக்கு நஸ்ரீன் போகட்டும்," என்றார் வாத்தியார்.

"சார், அண்ணா வேணும்னா..."

"நீ சும்மா இரு, தாயி." பெரியநாயகம் வாத்தியாரைப் பார்த்தார். "பதினொரு வருஷமுங்க. அவ நேத்து வந்தவ. எனக்கு இல்லாதது அவகிட்ட என்னங்க இருக்குது?"

வாத்தியார் கையை நீட்டினார்.

"பையில இருக்கிறதை எடுங்க."

பெரியநாயகம் காலண்டர் தாளை எடுத்துக் கொடுத்தார். வாத்தியார் அதைத் திருப்பினார். சனிக்கிழமை என்று பெரிதாக அச்சடித்திருந்தது.

"அவ இதை அன்னைக்குச் சாயங்காலமே திருப்பிக் கொடுத்துட்டா. நீங்கதான் இன்னும் வெச்சிருக்கீங்க."