திரவியம் வீட்டு மேசை

ஆவுடையம்மாளின் பட்டறைக்கு ஒரு திங்கட்கிழமை பளிங்கு மேசை ஒன்று வந்து இறங்கியது. எட்டுப் பேர் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுகிற மேசை. புளியும் எலுமிச்சையும் பட்டுப் பட்டு அதன் முகம் வெளிறியிருந்தது. நடுவில் நகம் இறங்குகிற ஆழத்துக்கு ஒரு கீறல்.

"யார் வீட்டுது?" என்று சுயம்பு கேட்டார்.

"மளிகைக்கடை திரவியம் வீட்டுது. வெள்ளிக்கிழமை எடுக்க வருவாங்க."

சுயம்பு கையிலிருந்த வாளியைக் கீழே வைத்தார்.

அவருக்கு அறுபத்தொன்று. முப்பது வருடம் வீட்டுத் தரைகளைத் தேய்த்தவர். மேசைக் கல்லுக்கு மெருகேற்றுவது வேறு வித்தை. அதைக் கற்க, தன்னைவிடப் பதினைந்து வயது இளைய ஆவுடையம்மாளிடம் வெற்றிலை பாக்கு வைத்துச் சேர்ந்து ஆறு மாதம் ஆகியிருந்தது.

திரவியம் வீட்டுத் தரையையும் ஒரு காலத்தில் சுயம்புதான் மண்டியிட்டுத் தேய்த்தார். அந்தத் தரையில்தான் திரவியத்தின் மகன் கல்யாணப் பந்தி நடந்தது. சுயம்பு முதல் பந்தியில் உட்கார்ந்தார். இலையில் உப்பு வைத்தாயிற்று, அப்பளம் வைத்தாயிற்று. சோறு விழுகிற நேரம் திரவியம் வந்து தோளைத் தட்டினார். "எந்திரி. வேலைக்காரங்களுக்குக் கடைசிப் பந்தி."

சுயம்பு எழுந்தார். கடைசிப் பந்திக்கு நிற்கவில்லை. பத்தொன்பது வருடமாக அந்தக் கடையில் ஒரு படி உப்புக்கூட வாங்கியதில்லை.

"இத நான் ஒருத்தனே செய்யுதேன்," என்றார்.

"எதுக்கு?"

"யார் செஞ்சதுன்னு அவன் வாயால கேக்கணும். நான் எம்பேரச் சொல்லணும்."

ஆவுடையம்மாள், கல்லை அரைக்கும்போது தண்ணீர் விடுகிற குழாயை அவர் கையில் கொடுத்தார்.

உச்சிப்பொழுதுக்குள் வெளிறல் போய்விட்டது. கீறல் போகவில்லை. சுயம்புவும் விடவில்லை. கீறல் கிடந்த ஒரு சாண் இடத்தை மட்டும் பிடித்துக்கொண்டு விளக்கு வைக்கிற வரைக்கும் அரைத்தார். கீறல் மறைந்தது. மெருகும் ஏற்றினார்.

"பாருங்கம்மா. தடம் தெரியுதா?"

ஆவுடையம்மாள் மேசை ஓரத்தில் குந்தி, கண்ணைக் கல் மட்டத்துக்கு வைத்தார். "இங்க வந்து பாருங்க, அண்ணாச்சி."

மேலே எரிந்த டியூப்லைட் கல்லுக்குள் தெரிந்தது. நேராக வந்த கோடு நடுவில் பாம்பு மாதிரி நெளிந்து, அப்புறம் நேரானது.

"குழி விழுந்துட்டு," என்றார் சுயம்பு.

"தரைன்னா பாய் போட்டு மறைச்சிருப்பீங்க."

"கேலி இருக்கட்டும். வழியச் சொல்லுங்க."

"கீறல் மேல வராது. கல்லுதான் கீழ இறங்கணும்."

"மொத்தக் கல்லுமா?"

"மொத்தமும்."

"ஒரு கீறலுக்கா? மத்த இடமெல்லாம் என்ன பாவம் செஞ்சுது?"

ஆவுடையம்மாள் இருப்பதிலேயே முரட்டு வட்டை எடுத்து நீட்டினார். மெருகு ஏறிய கல்லை மறுபடி முதலிலிருந்து அரைக்கிற வட்டு அது.

சுயம்பு மூன்று நாள் அரைத்தார். முழங்கை வீங்கியது. "கொஞ்சம் விடுங்க, நான் பிடிக்கேன்," என்று ஆவுடையம்மாள் சொன்னதற்கும் வட்டை விடவில்லை. வியாழக்கிழமை சாயங்காலம் கல்லுக்குள் டியூப்லைட் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை நூல் பிடித்த மாதிரி கிடந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் திரவியம் வந்தார். கையில் கம்பு, கூடச் சுமைக்காரர்கள் நாலு பேர். உள்ளங்கையைக் கல்லின்மேல் வைத்து மெதுவாக இழுத்தார்.

"வாங்கினப்போகூட இப்படி இல்ல. யாரும்மா செஞ்சது?"

சுயம்பு முன்னால் வந்து நின்றார்.

"நான்தான். சுயம்பு. உங்க வீட்டுத் தரையத் தேய்ச்சவன். உங்க மவன் கல்யாணத்துல முதல் பந்தியில உக்காந்தவன்."

திரவியம் அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். சந்தோஷமாகத் தலையை ஆட்டினார்.

"அப்படியா? சாப்பாடெல்லாம் நல்லாருந்துச்சா?"

சுயம்பு ஒதுங்கிச் சுமைக்காரர்களுக்கு வழி விட்டார். மேசை வண்டியேறியது. திரவியம் கும்பிட்டுவிட்டுப் போனார்.

ஆவுடையம்மாள் வட்டுகளை ஒவ்வொன்றாகக் கழுவிக் கவிழ்த்தார். கடைசி வட்டைக் கழுவும்போது சுயம்பு பேசினார்.

"அவனுக்கு ஞாபகமே இல்லம்மா."

"ஆமா."

"செஞ்சவன் அவன். கம்ப ஊனிக்கிட்டு நிம்மதியாப் போறான். மனச ஆத்திக்க வேண்டியது நானா?"

ஆவுடையம்மாள் வட்டை வெயிலில் வைத்தார்.

"மேசையக் கீறினவனா வந்து தேய்ச்சான், அண்ணாச்சி?"