காத்து நின்ற மஞ்சள் கார்

குரு என்றால் தாடி வேண்டும், காவி வேண்டும் என்பவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம். எங்கள் குருவுக்கு முப்பத்து நாலு வயசு. பெயர் பூங்கோதை. கோயமுத்தூர் பீளமேட்டில், ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில், கம்ப்யூட்டரில் ஆடுகிற கார் பந்தய விளையாட்டு செய்யும் ஆபீஸை நடத்துகிறார். சிஷ்யர் சென்னியப்பனுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. நான் அங்கே கார்களுக்கு எஞ்சின் சத்தம் சேர்க்கிறவன். காதுதான் என் பொழப்பு. அதனால் யார் என்ன பேசினாலும் என் காதில் விழுந்துவிடும்.

சென்னியப்பன் நிஜக் காரில் மலைப் பந்தயம் ஓட்டியவர். முழங்கால் கெட்டுப்போன பிறகு எங்களிடம் வந்தார். ஆட்டத்தில் நமக்கு எதிராக ஓடும் கார்களுக்கு வேகம் வைப்பது அவர் வேலை. அந்தக் கார்களில் ஆள் கிடையாது, கம்ப்யூட்டர்தான் ஓட்டும். வேகத்தைக் கூட்டினால் ஆடுகிறவன் வெறுத்துப் போவான். குறைத்தால் கொட்டாவி விடுவான். நடுவில் எங்கோ ஓர் இடம் இருக்கிறது. அதைத் தேடித் தேடி மனுஷனுக்கு இருப்புக் கொள்ளாது. காலை ஆட்டுவார், எழுந்து ஜன்னலுக்குப் போவார், வந்து ஒரு எண்ணை மாற்றுவார், மறுபடி ஜன்னல். பார்க்கிற எனக்கே தலை சுற்றும்.

வீட்டிலிருந்தபடி எங்கள் ஆட்டத்தை ஆடிப் பார்த்துச் சொல்ல ஒருவர் இருந்தார். திருமூர்த்தி. சென்னியப்பனோடு வாலிபம் முழுக்கப் போட்டி போட்டு ஓட்டியவர், உயிர்ச் சிநேகிதர். ஒரு பந்தயத்தில் கார் உருண்டதில் இடுப்புக்குக் கீழே உணர்வு போய்விட்டது. ஆக்சிலேட்டரையும் பிரேக்கையும் கையாலேயே இயக்குகிற மாதிரி ஒரு ஸ்டியரிங்கை அவருக்காகச் சென்னியப்பனே செய்து கொடுத்திருந்தார். அவர்கள் ரெண்டு பேரும் ஓட்டிய மலைப் பாதையைத்தான் ஆட்டத்திலும் வரைந்திருந்தோம். திருமூர்த்திக்கு மிச்சம் இருந்த ரோடு அது ஒன்றுதான்.

முதலில் சென்னியப்பன், ஆட்டத்தில் திருமூர்த்திக்கு எதிராக ஓடும் மஞ்சள் காருக்குத் தன் ஓட்டத்தையே கொடுத்தார். ஆபீஸில் உட்கார்ந்து அந்தப் பாதையைத் திரும்பத் திரும்ப ஓட்டினார். ஒவ்வொரு வளைவிலும் தான் பிரமாதமாகப் போனதை மட்டும் வெட்டி எடுத்து, ஒன்றாக ஒட்டினார்.

"எப்புடி? வெண்ணெய் மாதிரி போகுதுல்ல?" என்று என்னிடம் காட்டினார். நிஜமாகவே அப்படித்தான் போனது.

திருமூர்த்தி தோற்றார். மறுநாளும் தோற்றார். வாரம் முழுக்கத் தோற்றார். கடைசியில் போனில், "செரி, வெச்சர்றேன்" என்பதைத் தவிர ஒன்றும் பேசவில்லை.

சென்னியப்பனுக்குச் சோறு இறங்கவில்லை. "அவன் கொரலே செத்துப்போச்சு" என்றார். என்னிடம் சொன்னாரா ஜன்னலிடம் சொன்னாரா தெரியாது. அன்றைக்கு மத்தியானம் ஒரு வேலை செய்தார். பின்னால் வருகிறவன் எவ்வளவு தூரத்தில் இருக்கிறான் என்று மஞ்சள் கார் அளந்துகொண்டே ஓடும்படி செய்தார். அவன் பின்தங்கினால் அது மெதுவாகும், அவன் முந்தினால் அதுவும் வேகம் எடுக்கும்.

திருமூர்த்தி ஜெயித்தார். அவர் போனில் கத்தியது என் மேஜை வரைக்கும் கேட்டது. சென்னியப்பன் கீழே பேக்கரியில் தேங்காய் பன் வாங்கி ஆபீஸ் முழுக்கக் கொடுத்தார்.

அடுத்த வாரம் ஒரு ஆட்டோ வந்து நின்றது. டிரைவர் ஒரு அட்டைப் பெட்டியை மாடிக்குத் தூக்கி வந்து வைத்தார். உள்ளே அந்த ஸ்டியரிங் இருந்தது.

சென்னியப்பன் போன் போட்டார். அவசரத்தில் ஸ்பீக்கரையும் அமுக்கிவிட்டார்.

"ஏன்டா திருப்பி அனுப்பிச்சே?"

"நேத்து ஓட்டிட்டு இருக்கறப்பவே நடுரோட்டுல நிறுத்திப்போட்டு டீ குடிச்சேன்டா சென்னி."

"அதுக்கு?"

"குடிச்சுட்டு மெதுவா போய்ப் பாத்தா, முன்னாடி போன மஞ்சக் காரு வளைவுல எனக்காக நின்னுட்டுக் கெடக்குது."

சென்னியப்பன் பெட்டியின் மூடியைச் சாத்தினார்.

"ரோடு தாண்டப் போனா எல்லாரும் எனக்காக நிக்கறாங்க. கோயிலுக்குப் போனா வரிசையே வழி விட்டு நிக்குது. பொறுத்துக்கறேன். உன்ற காருமாடா?"

போன் வைக்கப்பட்டுவிட்டது.

சென்னியப்பன் பெட்டியை மேஜைக்கு அடியில் தள்ளினார். பிறகு காலை இழுத்துக்கொண்டு நேராகப் பூங்கோதையின் அறைக்குப் போனார். வயசில் சின்னவர் என்பதால் குருவை அவர் அம்மிணி என்றுதான் கூப்பிடுவார்.

"ஏனுங் அம்மிணி, எதிர்க்க ஓடற காரு எவ்வளவு வேகமா ஓடோணும்? ஒரே ஒரு எண்ணு சொல்லுங்க. வேகமா வெச்சா அவன் சாகறான். மெதுவா வெச்சா அவன் என்னையச் சாகடிக்கறான்."

பூங்கோதை அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"கேரம் ஆடி நாளாச்சு. ஒரு ஆட்டம் போடலாமாண்ணா?"

"நான் என்ன கேக்கறேன், நீங்க என்ன சொல்றீங்க!"

"உக்காருங்கண்ணா."

ஆபீஸ் நடுவில் எங்கள் கேரம் போர்டு உண்டு. பூங்கோதை ஆடினால் நாங்கள் யாரும் எதிரில் உட்கார மாட்டோம், அப்படி ஆடுவார். சென்னியப்பன் எரிச்சலோடு உட்கார்ந்தார். ஆனால் அன்றைக்கு ஆட்டம் அவர் பக்கமே போனது. குரு அடித்தால் காய் குழியின் விளிம்பில் இடித்து நின்றது. இவர் அடித்தால் விழுந்தது. சிவப்புக் காயும் இவருக்கே விழுந்தது. கொஞ்சம் கொஞ்சமாக மனுஷன் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆடிக்கொண்டிருந்த கால் கொஞ்சம் அடங்கியது. திருமூர்த்தியைக்கூட ஒரு நிமிஷம் மறந்திருப்பார் என்று நினைக்கிறேன்.

அவருக்கு இன்னும் ஒரே காய் பாக்கி. குரு ஸ்ட்ரைக்கரை வைத்தார், அடித்தார். காய் மறுபடியும் விளிம்பில் நின்றது.

சென்னியப்பன் ஸ்ட்ரைக்கரைத் தொடவில்லை. முகம் சிவந்துவிட்டது.

"போதும் அம்மிணி."

"ஏண்ணா? இன்னும் ஒரு காய்தான். ஜெயிச்சிருவீங்க."

"என்னைய என்ன பச்சப் பாப்பான்னு நெனச்சீங்களா? வேணும்னே விடறீங்க!"

"எல்லாருக்கும்தான் கை தவறும்."

"கை தவறினா எனக்குத் தெரியாதா? நான் பாத்துட்டேதான் இருந்தேன். நீங்க அடிக்கறதுக்கு முன்னாடி காயப் பாக்கவே இல்ல. எனக்கு எத்தன காய் பாக்கின்னு பாக்கறீங்க, என்ற மூஞ்சியப் பாக்கறீங்க, அப்பறம் அடிக்கறீங்க. இதுக்கு என்னையத் தோக்கடிச்சு நாலு வார்த்த திட்டியிருக்கலாம். அதுல ஒரு மரியாத இருக்குது."

பூங்கோதை காய்களை டப்பாவில் அள்ளிப் போட்டார். டப்பாவை மூடிய பிறகுதான் கேட்டார்.

"மஞ்சக் கார் எதைப் பாத்துட்டு ஓடுதுண்ணா?"

சென்னியப்பன் சட்டென்று நாற்காலியைப் பின்னால் தள்ளினார். எழுந்து போய்த் தன் கம்ப்யூட்டரில், பின்னால் வருகிறவனை அளக்கிற சங்கதி அத்தனையையும் அழித்தார். அழித்த கையோடு திரும்பி வந்தார்.

"அளக்கறத எடுத்துப்போட்டேன். ஆனா பழையபடி பறக்குமே அம்மிணி. அவன் தோத்துட்டேதான் இருப்பான்."

"பழைய மஞ்சக் காரை ஓட்டினது யாரு?"

"நான்தானுங்க."

"மூணாவது கொண்டை ஊசி வளைவுல நீங்க எப்படிப் போவீங்க?"

சென்னியப்பன் தரையைப் பார்த்தார்.

"சித்த முன்னாடியே பிரேக்கப் போட்டுருவேன்."

"ஏன்?"

"ஒருக்கா அங்க பாறையில மோதியிருக்கறேன். அதுல இருந்து அந்த வளைவு வந்தாலே கால் தானாப் போயி பிரேக்க அமுக்கும். அதனாலயே திருமூர்த்தி எத்தனையோ தடவ அங்கதான் என்னையத் தாண்டியிருக்கறான்."

"மஞ்சக் கார் அங்க பிரேக் போடுமா?"

"இல்லீங்க. அத வெட்டிப்போட்டேன்."

"ஏண்ணா வெட்டினீங்க?"

"அசிங்கமா இருந்துச்சுங்க."

பூங்கோதை தன் டீயை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

சென்னியப்பன் அந்த மலைப் பாதையை மறுபடியும் ஓட்டினார். இந்தத் தடவை ஒரே மூச்சில், மேலேயிருந்து கீழே வரைக்கும். எதையும் வெட்டவில்லை. மூன்றாவது வளைவில் அவர் பிரேக்கை அமுக்கினபோது பல்லைக் கடித்த சத்தம் எனக்குக் கேட்டது. அதை அப்படியே மஞ்சள் காருக்குக் கொடுத்தார்.

ஸ்டியரிங் பெட்டியை நான்தான் திருமூர்த்தி வீட்டுக்குக் கொண்டு போனேன். அவர் பெட்டியைத் திரும்பிப் பார்க்கவில்லை. "வெச்சுட்டுப் போ தம்பி" என்றார்.

நான் வந்து அதைச் சொன்னதிலிருந்து சென்னியப்பன் பட்ட பாடு இருக்கிறதே! போனை எடுப்பார், வைப்பார். பேக்கரிக்கு இறங்குவார், ஒன்றும் வாங்காமல் மாடி ஏறுவார். "அவன் தொடவே மாட்டான்" என்பார். கொஞ்சம் கழித்து, "தொட்டிருப்பானா?" என்பார். திங்கட்கிழமை போனது, செவ்வாய் போனது. அவருடைய போன் அடிக்கவில்லை.

புதன்கிழமை சாப்பாட்டு நேரத்தில் அடித்தது. சென்னியப்பன் சோற்றுக் கையோடு எடுத்தார்.

"டேய் சென்னி! பயந்தாங்கொள்ளி நாயே!"

"என்னடா ஆச்சு?"

"அந்த மஞ்சக் காரு மூணாவது வளைவு வந்தா முன்னாடியே பிரேக்கப் போடுதுடா! பாத்ததும் தெரிஞ்சுபோச்சு, அது நீதான்டா!" திருமூர்த்தி விழுந்து விழுந்து சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

"ஜெயிச்சியாடா?"

"எங்க ஜெயிக்க! மூணுல ஒட்டிட்டே வந்தேன், நாலுல பிச்சுக்கிட்டுப் பறந்துட்ட. நடுரோட்டுல நிறுத்தியும் பாத்தேன். திரும்பிக்கூடப் பாக்காமப் போயிட்டடா, பாவி! இரு, நாளைக்கு மூணாவது வளைவுலயே உன்ற கதைய முடிக்கறேன். இப்ப வெய்யி, நான் ஓட்டிப் பழகோணும்."

சென்னியப்பன் போனை வைத்தார். கையில் சோறு காய்ந்துகொண்டிருந்தது. கண்ணை முழங்கையால் துடைத்துக்கொண்டார். எங்கள் ஆபீஸுக்கு வந்த நாளிலிருந்து அவர் அசையாமல் உட்கார்ந்து நான் பார்த்தது அப்போதுதான்.

கொஞ்ச நேரம்தான். கால் மறுபடியும் ஆட ஆரம்பித்தது. கையைக் கழுவி வந்தவர் தன் கம்ப்யூட்டருக்கு முன்னால் நின்றார். பூங்கோதை அந்தப் பக்கமாக வந்தார்.

"அம்மிணி, பாவம், அவ்வளவு ஆசையா இருக்கறான். நாளைக்கு ஒரு நாளைக்கு மட்டும்... மூணாவது வளைவுல ஒரு துளி வேகத்தக் கொறைச்சுப்போடட்டுங்களா? அவனுக்கே தெரியாது."

பூங்கோதை கேரம் போர்டைத் துடைத்தார். டப்பாவைத் திறந்து, ஸ்ட்ரைக்கரை எடுத்து நடுவில் வைத்தார்.

"வாங்கண்ணா, ஒரு ஆட்டம் போடலாம். இன்னிக்கும் நீங்கதான் ஜெயிப்பீங்க."