பதினாலாம் ஜாயிண்ட்

“டீச்சர், அது என்ன சத்தம்?”

இருட்டிய பிறகு கடல் பக்கமிருந்து வந்தது. குக்கர் விசில் போலத் தொடங்கி, நிற்காமல் சீறியது.

அணுமின் நிலையத்தின் எக்ஸ்ரே பிரிவில் உட்கார்ந்திருந்த ஃபிளாரன்ஸ் தலையைத் தூக்கவில்லை. நீராவியை வெளியே விடுகிறார்கள், அணு உலையை நிறுத்திவிட்டார்கள் என்றாள்.

பொன்னுலிங்கம் அவளைவிட எட்டு வயது மூத்தவன். குழாய் வெல்டிங்கை எக்ஸ்ரே எடுக்க அவளிடம்தான் படித்தான், அதனால் டீச்சர்.

மற்றவர்கள் அவனை வாசப்படி என்பார்கள். யாரும் தவறி நுழைந்துவிடாதபடி குழாயறைக் கதவை உள்ளேயிருந்து தாழிட்ட பிறகுதான் படம் எடுக்க வேண்டும். அவனுக்கோ எப்போதும் ஒரு கால் வெளியே இருக்க வேண்டும்.

கசிந்தது, குழாய்களைப் பற்றவைத்துச் சேர்த்த இடங்களில் பதினாலாம் ஜாயிண்ட்.

மூன்று நாள் குழாய் ஆறியது. அந்த ஒன்றை மட்டும் மறுபடி பற்றவைத்து உலையை ஓட்டுவதாகப் பேச்சு.

அவன் பதினாலின் பழைய படத்தை விளக்குப் பெட்டிமேல் வைத்தான்.

“படம் சுத்தமாத்தான இருக்கு டீச்சர். பழி எப்படி நம்ம மேல வரும்?”

அவள் பதிமூன்றின் படத்தை எடுத்து அதன்மேல் வைத்தாள்.

இரண்டிலும், பழுதென்று யாரும் எண்ணாத கடுகளவு ஒரு புள்ளி. ஒன்றின்மேல் ஒன்று பொருந்தி உட்கார்ந்தது.

பதிமூன்றையே இரண்டு முறை எடுத்து, எண்ணை மட்டும் மாற்றியிருந்தான்.

இரண்டு படங்களையும் பிரித்து வைத்துவிட்டுச் சொன்னான். பதினாலு, அறையின் கடைசி மூலை. கையிலிருக்கும் மீட்டர் டிக் டிக்கென்று கதிர்வீச்சை எண்ணும். கதவும் சாத்தியிருந்தால் உயிரோடு புதைத்தது போலிருக்கும்.

“இப்படி வேற எது எது?”

அவன் படங்களை உறைக்குள் போட்டான். சொன்னால் வேலை போகும், ஜெயிலும் வரலாம்.

அவள் எக்ஸ்ரே பெட்டியைத் தூக்கினாள்.

பதறினான். டீச்சருக்கு ஐந்து மாதக் கைக்குழந்தை. பால் கொடுக்கிறவள் என்று அவளை உள்ளே அனுப்புவதே இல்லை.

“எல்லாப் படத்துக்கும் கீழே என் கையெழுத்து இருக்கு. நம்பர் தெரிஞ்சா கால் மணி நேரம். தெரியாட்டா முப்பது ஜாயிண்டையும் எடுக்கணும்.”

நடந்தாள். அவனும் பின்னாலேயே போனான்.

குழாயறை வாசலில் முகமூடியை மாட்டினாள். மாட்டியதை இறக்கிவிட்டு, சாதாரணமாகச் சொன்னாள்.

“ஒம்பது மணிக்குப் பிள்ளை அழுவான். புட்டியில பால் வச்சிருக்கேன்னு வீட்ல சொல்லிடுங்க.”

உள்ளே எங்கோ குழாயிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. இன்னொன்று விழுந்தது.

“பதினேழு,” என்றான். “அப்புறம் இருபத்திரண்டு.”

அவள் பதிவேட்டை நீட்டினாள். எண்களை எழுதி, தன் பெயரையும் எழுதினான். பெயர் கோணலாக விழுந்தது.

பிறகு முகமூடியை வாங்கினான். பெட்டியையும் வாங்கினான்.

“கொஞ்ச நேரம் நான் கதவைத் திறந்து பிடிச்சுக்கட்டுமா?” என்று கேட்டாள்.

அவன் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனான்.

கதவு மூடியது. அந்தப் பக்கம் தாழ் விழுந்தது.