தொண்ணூற்றாறு சுண்டைக்காய்

செம்பாறை நாட்டை ஆண்ட மாறவேள் மன்னருக்கு நீரிழிவு. காலில் எரிச்சல். இரவில் ஆறு முறை எழுந்து தண்ணீர் குடிப்பார். அரண்மனை வைத்தியர் மருதப்பர் எட்டு மாதமாகக் கசாயம் கொடுத்துப் பார்த்தார். எரிச்சல் கூடியதே தவிரக் குறையவில்லை.

அன்று சபையில் முப்பத்தொரு பேர் இருந்தார்கள். மன்னர் காலை ஒரு பித்தளைத் தாம்பாளத்துத் தண்ணீரில் வைத்துக்கொண்டே பேசினார்.

"வைத்தியரே, போதும். உச்சிப் பொழுதுக்குள் குடும்பத்தோடு நாட்டை விட்டுப் போய்விடும்."

மருதப்பருக்கு வயது அறுபத்திரண்டு. கைகூப்பினார். "அரசே, இனிப்பை விடச் சொன்னேனே..."

"விட்டுவிட்டேனே! பாயசம் இல்லை, அதிரசம் இல்லை. சொர்ணமுத்துவின் முந்திரி லேகியம் மட்டும்தான். அதில் வெல்லமே ஒரு சிட்டிகைதான். சீட்டிலேயே எழுதியிருக்கிறது."

வணிகர் சொர்ணமுத்து ஓரமாக நின்று பணிவாகத் தலையாட்டினார். வைத்தியர் வீடு காலியானால் தன் கடைக்கு வேண்டும் என்று நேற்றே கேட்டு வைத்திருந்தார் அவர்.

அந்த நாட்டில் ஒரு சட்டம் உண்டு. விற்கிற தின்பண்டம் எதுவானாலும், அதில் என்னென்ன எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று ஓலைச் சீட்டில் எழுதிக் கட்ட வேண்டும். எழுத்து எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும், எந்தப் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை.

சபையில் உத்தண்டி என்று ஒருவர் இருந்தார். மன்னருக்கு வரும் ஓலைகளைப் படித்துச் சொல்வது அவர் வேலை. அவர் எழுந்தார்.

"அரசே, உச்சிப் பொழுதுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. அந்த ஜாடியை நான் ஒருமுறை பார்க்கலாமா?"

ஜாடி வந்தது. உள்ளங்கையில் அடங்குகிற ஜாடி. கழுத்தில் ஓலைச் சீட்டு. கொட்டை கொட்டையான எழுத்து.

"முந்திரி லேகியம். உடம்புக்கு உத்தமம். வெல்லம் ஒரு சிட்டிகை மட்டுமே," என்று படித்தார் உத்தண்டி. "அழகான கையெழுத்து. பின்பக்கம் என்ன எழுதியிருக்கிறீர்கள், ஐயா?"

"பின்பக்கமா? அது வெறும் ஓலை," என்றார் சொர்ணமுத்து.

உத்தண்டி சீட்டைத் திருப்பி, சன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். "ஏதோ கோடு கோடாகத் தெரிகிறதே?"

"பூச்சி அரித்த தடம், ஐயா. பழைய ஓலை."

"கெட்டிக்காரப் பூச்சி. எழுத்தெல்லாம் கற்றிருக்கிறது. கேளுங்கள் அரசே: 'இந்தக் கணக்கு ஒரு சுண்டைக்காய் அளவு லேகியத்துக்கு. ஜாடியில் உள்ளது தொண்ணூற்றாறு சுண்டைக்காய் அளவு.'"

மன்னர் புருவத்தை உயர்த்தினார். "அதனால் என்ன?"

"தாங்கள் ஒரு நாளைக்கு எவ்வளவு சாப்பிடுகிறீர்கள்?"

"கொஞ்சம்தான். காலையில் ஒரு ஜாடி. மாலையில் ஒரு ஜாடி."

உத்தண்டி மடைப்பள்ளியிலிருந்து தூள் வெல்லமும் ஒரு வெள்ளித் தட்டும் வரவழைத்தார். மூன்று விரலால் கிள்ளித் தட்டில் போட்டார். ஒன்று. இரண்டு. மூன்று. ஒவ்வொன்றையும் வாய்விட்டு எண்ணினார். பன்னிரண்டு வரைக்கும் மன்னர் சிரித்துக்கொண்டிருந்தார். நாற்பதில் சிரிப்பு நின்றது. எழுபதில் தாம்பாளத்திலிருந்து காலை எடுத்துவிட்டார். தொண்ணூற்றாறு முடிந்தபோது தட்டில் ஒரு கை நிறைய வெல்லம் குவிந்திருந்தது.

"இது காலையில் தின்றது, அரசே. மாலைக்கு இன்னொரு தட்டு வேண்டும்."

"வேண்டாம்!" மன்னர் சொர்ணமுத்துவின் பக்கம் திரும்பினார். "யாரங்கே! கொண்டுவா சவுக்கை!"

"அரசே, நான் பொய் எழுதவில்லையே!" என்று கும்பிட்டார் வணிகர். "எல்லாம் சீட்டில் இருக்கிறது. திருப்பிப் பார்க்காதது என் குற்றமா?"

மன்னர் காலை மறுபடி தண்ணீரில் வைத்துக்கொண்டார். திருப்பிப் பார்க்காதவர் அவர்தானே.

"அவர் சொல்வது சரி," என்றார் உத்தண்டி. "சவுக்கு வேண்டாம். சின்னத் தண்டனையாக நான் எழுதித் தருகிறேன்."

எழுத்தாணியை எடுத்து எழுதி, ஓலையைச் சொர்ணமுத்துவிடம் நீட்டினார். கொட்டை கொட்டையான எழுத்து. வணிகர் உரக்கப் படித்தார்.

"'சந்தை நடுவில் நின்று, லேகியச் சீட்டின் இரண்டு பக்கத்தையும் ஊர் கேட்கப் படிக்க வேண்டும். ஒரு தடவை மட்டுமே.' இவ்வளவுதானா? மகராசனாக இருக்க வேண்டும் நீங்கள்! ஒப்புக்கொள்கிறேன்!" மளமளவென்று கையெழுத்தும் போட்டுவிட்டார்.

"இப்போது திருப்பிப் பாருங்கள், ஐயா."

சொர்ணமுத்து திருப்பினார். கண்ணைச் சுருக்கினார். முகம் வெளுத்தது.

"என்ன, பூச்சி அரித்திருக்கிறதா?" என்று கேட்டார் உத்தண்டி. "நானே படிக்கிறேன். 'இந்தக் கணக்கு ஒரு சுண்டைக்காய் அளவு லேகியத்துக்கு. காலை ஜாடிக்குத் தொண்ணூற்றாறு. மாலை ஜாடிக்குத் தொண்ணூற்றாறு.'"

சபை அதிரச் சிரித்தது. "வைத்தியரே, நீர் எங்கும் போக வேண்டாம்," என்றார் மன்னர். மருதப்பர் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்.

சொர்ணமுத்து அன்று நூற்றுத் தொண்ணூற்றிரண்டு தடவை படித்தார். முப்பதாவது தடவைக்குள் சந்தைக்கே அது மனப்பாடம். அடுத்த நாள் முதல், கடைக்கு வந்தவர்கள் எதை எடுத்தாலும் முதலில் பின்பக்கத்தைத்தான் பார்த்தார்கள்.

லேகியத்தை விட்ட ஒரு மாதத்தில் மன்னரின் கால் எரிச்சல் தணிந்தது. மன்னர் உத்தண்டியை அழைத்துத் தன் கையாலேயே ஒரு பரிசு ஓலையைக் கொடுத்தார். 'உத்தண்டிக்கு ஆண்டுதோறும் அறுபது மூட்டை நெல்' என்று பெரிய எழுத்தில் இருந்தது. உத்தண்டி கும்பிட்டு வாங்கினார். வாங்கியதும் திருப்பிப் பார்த்தார்.

பின்பக்கம் எறும்பு எறும்பாக எழுத்து: 'வைத்தியருக்குத் தெரியாமல் எனக்கு லேகியம் ஒரு ஜாடி.'

உத்தண்டி பக்கத்தில் நின்ற மருதப்பரிடம் ஓலையை நீட்டினார். வைத்தியர் அதைக் கண்ணருகே கொண்டுபோனார்.

"படிக்க வேண்டாம் வைத்தியரே!" என்று பதறி எழுந்தார் மன்னர். "அது பூச்சி அரித்த தடம்!"